அர்ச். சவேரியாரும் பொலோஞா பட்டணமும்

டிசம்பர் 3-ந் தேதி அர்ச். பிரான்சிஸ்கு சவேரியார் திருநாள் வரும்போதெல்லாம் கோவாவையும் முத்துக்குளித்துறையையும் நினைத்துக்கொள்கிறோம். அவர் நம் தேசத்துக்கு வருமுன் இத்தாலியாவில், அந்நியராய்க் கழித்த ஒரு கிறிஸ்மஸ் காலத்தைப் பற்றிப் பேசுவோர் குறைவு.

நவார் நாட்டில் 1506-ல் பிறந்து, பாரிஸ் பட்டணத்தில் தத்துவ சாஸ்திரம் போதித்துவந்தவர் அவர். அர்ச். இஞ்ஞாசியாரின் சிநேகத்தால் உலக ஆசைகளை விட்டார். 1534 ஆகஸ்டு 15-ந் தேதி, தேவமாதாவின் மோட்ச ஆரோபணத் திருநாளன்று, மோன்மார்த்தர் குன்றில் தோழர் எழுவரும் வார்த்தைப்பாடு கொடுத்தார்கள். ஜெருசலேமுக்குப் போய் ஆத்துமங்களுக்காக உழைப்பது. ஒரு வருஷம் காத்திருந்தும் கப்பல் கிடைக்காவிட்டால் பாப்பரசரிடம் தங்களை ஒப்புக்கொடுப்பது. இதுவே அந்த வார்த்தைப்பாடு.

பாரிசிலிருந்து கால்நடையாகவே வெனிசுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். 1537 ஜூன் 24-ந் தேதி சவேரியாருக்குக் குருப்பட்டம் கிடைத்தது. கப்பல்தான் கிடைக்கவில்லை. துருக்கருக்கும் வெனிசுக்கும் யுத்தம் மூண்டு, யாத்திரைக் கப்பல் நின்றுபோயிற்று. ஆகவே குளிர்காலத்துக்குத் தோழர்கள் இருவர் இருவராய்ப் பிரிந்தார்கள். சவேரியாரும் பொபதில்லா என்பவரும் பொலோஞாவுக்குப் போனார்கள்.

அது மிகப் பழைய சர்வகலாசாலை நகரம். அர்ச். சாமிநாதர் 1221-ல் மரித்து அடக்கமானதும் அங்கேதான். அந்தக் கல்லறையில் சவேரியார் பூசை செய்தார். அதைக் கண்ட ஒரு பக்தியுள்ள பெண்மணியின் மூலமாக, அர்ச். லூசியம்மாள் கோவில் பங்குச்சுவாமியார் ஜிரோலமோ கசாலினி அவரைத் தம் வீட்டில் வைத்துக்கொண்டார். படுக்க இடம் கிடைத்தது. ஆனால் குளிரும் முறைக்காய்ச்சலும் அவரை உருக்கிவிட்டன. பெத்லகேமில் இருக்க ஆசைப்பட்டவர் அந்த வருஷத்துத் திருநாளை அன்னியர் வீட்டில், ஊரார் பாஷையும் சரியாய் வராமல் கழித்தார். பிள்ளைகளைப் பிரான்சுக்கு அனுப்பிவிட்டு இருக்கும் நம் புதுச்சேரி வீட்டார்களுக்கு, டிசம்பர் மாதத்துக் குளிரும் தனிமையும் எப்படிப்பட்டவை என்று எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

காய்ச்சலோடேயே பாவசங்கீர்த்தனம் கேட்டார். ஆஸ்பத்திரிக்கும் சிறைச்சாலைக்கும் போனார். சதுக்கத்தில் நின்று, அரைகுறை இத்தாலிய பாஷையில் பிரசங்கம் செய்தார். 1538-ல், குளிர் தணிந்தபின், மெலிந்த உருவத்தோடு ரோமாபுரி சேர்ந்தார். அந்த வருஷக் கிறிஸ்மஸ் இரவில்தான், பட்டம் பெற்று ஒன்றரை வருஷம் காத்திருந்த இஞ்ஞாசியார், ரோமையில் தேவமாதாவின் பெரிய கோவிலில், பெத்லகேம் முன்னிட்டியின் சேஷம் வைத்த பீடத்தில், தமது முதல் பூசையைச் செய்தார். பெத்லகேமுக்கு அவர்களால் நெருங்க முடிந்தது அவ்வளவே.

கப்பல் வராதபடியால் வார்த்தைப்பாட்டின்படி பாப்பரசரிடம் போனார்கள். போர்த்துக்கல் ராஜா இந்தியாவுக்குக் குருக்கள் கேட்டார். குறிக்கப்பட்டவர் பொபதில்லா! அவர் காய்ச்சலில் விழவே, சவேரியார் 1540 மார்ச்சு நடுவில் திடீரென்று புறப்பட்டார். வழியில் மறுபடி பொலோஞா. ஜனங்கள் அவரை மறக்கவில்லை. ரோமையில் இருந்ததைவிட இங்கே பாவசங்கீர்த்தனம் கேட்கும் வேலை அதிகமென்று இஞ்ஞாசியாருக்கு எழுதினார். அந்த லூசியம்மாள் கோவிலின் கட்டடம் இப்போது சர்வகலாசாலையின் பெரிய மண்டபம்.

1542 மே 6-ந் தேதி கோவாவில் இறங்கினார். அவ்வருஷமே முத்துக்குளித்துறைக்கு வந்தார். மறுபடியும் தெரியாத பாஷை. இரு பாஷையும் அறிந்தவர்களை வைத்துக்கொண்டு விசுவாச மந்திரத்தையும் பரலோக மந்திரத்தையும் தமிழில் எழுதுவித்து, மனப்பாடம் பண்ணி, கையில் மணியை ஆட்டிக்கொண்டு தெருத்தெருவாய்ப் பிள்ளைகளைக் கூப்பிட்டார். பொலோஞா சதுக்கத்தில் அரைகுறைப் பேச்சுக்கு வெட்கப்படாதவர், இங்கேயும் வெட்கப்படவில்லை.

பத்து வருஷத்துக்குப் பின், 1552 டிசம்பர் 3-ந் தேதி, சீனதேசத்துக்கு எதிரே சான்சியான் தீவில், அக்கரை போகக் கப்பலுக்குக் காத்திருக்கையில், காய்ச்சலால் மரித்தார். கிறிஸ்மஸுக்கு இன்னும் 22 நாள் இருந்தது.