பூமிக்கு வயது சொன்ன ஆர்தர் ஹோம்ஸ்

ஜுராஸிக், டெவோனியன் போன்ற பெயர்களை இன்று பள்ளிக் குழந்தைகள்கூட அறிவார்கள். ஆனால் ஒரு காலத்தில் இவை வெறும் வரிசை மட்டுமே. எந்தப் பாறை அடுக்கு முந்தியது, எது பிந்தியது என்று புதைபடிவங்களைப் பார்த்துச் சொல்ல முடிந்தது. எத்தனை ஆண்டுகள் என்று சொல்ல முடியவில்லை. அந்த வரிசைக்கு ஆண்டுக் கணக்கு கொடுக்கத் தம் வாழ்நாளைச் செலவிட்டவர் ஆர்தர் ஹோம்ஸ்.

1890ஆம் ஆண்டு ஜனவரி 14 அன்று வட இங்கிலாந்தில், எளிய குடும்பத்தில் பிறந்தார். வீட்டிலிருந்த பைபிளின் ஓரக்குறிப்பு, உலகம் கி.மு. 4004இல் படைக்கப்பட்டதாகக் கூறியது. கெல்வின் பிரபுவோ 1897இல் பூமியின் வயதை 2 முதல் 4 கோடி ஆண்டுகள் என்று கணித்திருந்தார்.

உபகாரச் சம்பளம் பெற்று லண்டனில் பௌதிகமும் பின்னர் நிலவியலும் படித்தார் ஹோம்ஸ். யுரேனியம் மாறாத வேகத்தில் சிதைந்து ஈயமாகிறது. அதில் பாதி மாறச் சுமார் 447 கோடி ஆண்டுகள் ஆகும். ஆகவே கனிமத்தில் உள்ள யுரேனியத்தையும் ஈயத்தையும் அளந்தால், நாழிகை வட்டிலைப் பார்ப்பதுபோல் காலத்தைக் கணக்கிடலாம். டெவோனியன் காலத்தது என்று அப்போது கருதப்பட்ட நார்வே பாறை ஒன்றுக்கு 37 கோடி ஆண்டு வயது என 1911இல் வெளியிட்டபோது அவருக்கு வயது 21. இலங்கைக் கனிமங்களும் அந்தப் பட்டியலில் இடம்பெற்றன.

அதே ஆண்டு பணத்தேவைக்காக மொசாம்பிக்கில் கனிமம் தேடும் வேலைக்குச் சென்று, கடும் மலேரியாவுடன் திரும்பினார். 1913இல் பூமியின் வயது பற்றிய நூலை வெளியிட்டார். 1920இல், அன்று பிரிட்டிஷ் இந்தியாவின் பகுதியாக இருந்த பர்மாவுக்கு எண்ணெய்க் கம்பெனி வேலைக்குப் போனார். கம்பெனி நொடித்தது. மூன்று வயது மகன் சீதபேதியில் இறந்தான். கையில் காசின்றி ஊர் திரும்பியவர், பிழைப்புக்காகக் கைவினைப் பொருட்கள் விற்கும் கடை நடத்தினார். இத்துடன் ஆராய்ச்சி முடிந்தது என்று எவரும் நினைத்திருப்பார்கள்.

1924இல் டர்ஹாமில் நிலவியல் துறையை உருவாக்கும் பொறுப்பு கிடைத்தது. விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். பூமியின் உட்புற வெப்பச் சுழற்சியே கண்டங்களை நகர்த்துகிறது என்ற அவரது கட்டுரை 1931இல் அச்சானது. பெரும்பாலோர் ஏற்கவில்லை, 1960களில்தான் அக்கருத்துக்கு மதிப்பு வந்தது. 1943இல் எடின்பரோ பேராசிரியரானார். 1947இல் பூமிக்கு 335 கோடி ஆண்டுகள் என்றார். 1956இல் அமெரிக்கரான கிளேர் பேட்டர்சன் அதை 455 கோடியாகத் திருத்தினார். இன்றைய கணக்கும் ஏறக்குறைய அதுவே.

நம் தேசத்துக்கும் அவருக்கும் உறவு உண்டு. தென்னிந்தியத் தீபகற்பம், இலங்கை ஆகியவற்றின் மிகப் பழைய பாறைகளின் வயது பற்றி 1955இல் விரிவான கட்டுரை எழுதினார். 1960ஐ ஒட்டி நிலவியல் கால அட்டவணையை மீண்டும் திருத்தினார். அதில் கேம்பிரியன் தொடக்கத்துக்கு அவர் தந்தது 60 கோடி ஆண்டுகள். இன்றைய கணக்கு சுமார் 53.9 கோடி.

1965 செப்டம்பர் 20 அன்று மறைந்தார். புதிய சான்று வந்தபோதெல்லாம் தம் கணக்கைத் தாமே அழித்து எழுதியவர் அவர். விஞ்ஞானம் பயிலும் நம் வீட்டு இளைஞர்கள் அவரிடம் கற்க வேண்டியது இந்தப் பண்பைத்தான்.