ஃபுளூரினை வசப்படுத்திய மாய்சான்

வேதியியல் வரலாற்றில் உயிர்ப்பலி கொண்ட தனிமம் ஃபுளூரின். அதைப் பிரித்தெடுக்க முயன்ற பெல்ஜிய அறிஞர் லூயே, பிரெஞ்சு அறிஞர் நிக்லே ஆகியோர் அதன் நச்சுக்கு இரையாயினர். அத்தகைய தனிமத்தை வசப்படுத்திய பெருமை ஹென்றி மாய்சானையே சாரும்.

மாய்சான் 1852 செப்டம்பர் 28-இல் பாரிசில் பிறந்தார். தந்தை இரயில்வே கம்பெனியில் சிறு ஊழியர். தாயார் தையல் வேலை செய்தவர். பல்கலைக்கழகத்தில் சேரத் தேவையான சான்றிதழ் இல்லாமலேயே 1870-இல் பள்ளியை விட்டார். மருந்துக் கடையில் தொழில் பழகிக்கொண்டே படித்து, 1874-இல் அத்தேர்வில் தேறினார். 1880-இல் டாக்டர் பட்டமும் பெற்றார்.

1886 ஜூன் 26-இல், பொட்டாசியம் ஃபுளூரைடு கலந்த நீரற்ற ஹைட்ரஜன் ஃபுளூரைடைப் பிளாட்டினம்-இரிடியம் குழாயில் குளிர்வித்து மின்சாரம் செலுத்தினார். நேர்மின்முனையில் வெளிவந்த வாயு சிலிக்கனைத் தீப்பற்றி எரியச் செய்தது. அதைச் சோதிக்க அறிவியல் கழகம் மூன்று அறிஞர்களை அனுப்பியது. அன்றோ வாயு வரவில்லை! அவர்களுக்காக அமிலத்தை மிகத் தூய்மையாக்கியதே காரணம். தூய அமிலம் மின்சாரத்தைக் கடத்தாது. உப்பைச் சேர்த்ததும் ஃபுளூரின் வந்தது.

பின்னாளில் விலையுயர்ந்த பிளாட்டினத்துக்குப் பதிலாகச் செம்பைப் பயன்படுத்தினார். ஃபுளூரின் செம்பின் மேல் மெல்லிய ஃபுளூரைடு படலத்தை உண்டாக்கும். அப்படலமே உள்ளிருக்கும் செம்பைக் காக்கும். அரிக்க வந்ததே கவசமாயிற்று. 1906-இல் நோபல் பரிசு பெற்ற மாய்சான், 1907 பிப்ரவரி 20-இல் தமது 54-ஆம் வயதில் மறைந்தார்.

அந்தக் கவசம் இன்று மூலக்கூறு அளவில் வளர்ந்துள்ளது. அலுமினியத்தின் மேல் இயல்பாகவே ஆக்சைடு படலம் உண்டு. ஃபுளூரின் ஏற்றிய கரிம அமிலத்தின் ஒரு முனை அதைப் பற்றிக்கொள்ள, ஃபுளூரின் நிறைந்த மறுமுனை வெளியே நின்று நீரை விலக்கும்.

சிவகாசியை அறிந்த நமக்கு இது வெறும் ஏட்டுச் செய்தியன்று. அலுமினியத் தூளில் ஈரம் பட்டால் வெப்பமும் ஹைட்ரஜனும் வெளிப்படும். மருந்து கலக்கும் அறையில் அவ்வெப்பம் உயிரைக் குடிக்கும். எனினும் இத்தகைய ஃபுளூரின் சேர்மங்கள் எளிதில் சிதையாமல் மண்ணிலும் நீரிலும் தங்கிவிடும். ஆகவே எண்ணிப் பார்த்தே கையாள வேண்டும். தீங்கற்ற கவசம் ஒன்றைத் தேடும் பணி எஞ்சியிருக்கிறது. வேதியியல் பயிலும் நம் மாணவர்களுள் சிலராவது அதை மேற்கொள்ளலாமே!