மிட்செல் பார்க்காமல் போன விமானங்கள்

மலருக்கு ஏதாவது எழுதித் தா என்று நம் செட் நண்பன் கேட்டதும், கம்பெனிக் கதை எழுதினால் யார் படிப்பார்கள் என்று யோசித்தேன். அதனால் வேலை விஷயமாக இங்கிலாந்து போயிருந்தபோது ஒரு ஞாயிற்றுக்கிழமை பார்த்ததை எழுதுகிறேன்.

கேம்பிரிட்ஜ் பக்கத்தில் டக்ஸ்ஃபோர்டு என்று ஒரு பழைய விமானதளம். இரண்டாம் உலகப்போர் விமானங்களைப் பழுதுபார்த்து அங்கே பறக்கவிடுகிறார்கள். எனக்கு அப்போது மனசே சரியில்லை. ஒன்றரை வருடம் உழைத்து நான் வடிவமைத்த பம்ப் ஒன்று சோதனையில் தேறவில்லை. சும்மா ரூமில் உட்கார்ந்திருப்பானேன் என்றுதான் போனேன்.

ஒரு ஸ்பிட்ஃபயர் தாழ்வாக வந்தது. பன்னிரண்டு சிலிண்டர் மெர்லின் என்ஜின் சத்தத்தில் கையிலிருந்த டீயே ஆடியது. அது திரும்பியபோது இறக்கையின் வடிவம் முழுசாகத் தெரிந்தது. நீள்வட்டம்! முதல் வருட டிராயிங் ஹாலில் மினி டிராஃப்டரோடு நாம் மல்லுக்கட்டிய அதே நீள்வட்டம். மெல்லிய இறக்கைக்குள் துப்பாக்கிகளும் மடங்கும் சக்கரமும் அடங்க வேண்டும் என்பதற்காக வந்த வடிவம் அது. அதில் பெவர்லி ஷென்ஸ்டோன் என்ற கனடாக்காரருக்கும் பெரிய பங்கு உண்டு. தலைமை வடிவமைப்பாளர் ரெஜினால்ட் மிட்செல்.

1895இல் ஸ்டாஃபோர்ட்ஷையரில் பிறந்த மிட்செல் பட்டதாரி இல்லை. 16 வயதில் ரயில் என்ஜின் தொழிற்சாலையில் அப்ரன்டிஸ். ராத்திரி வகுப்பில் கணக்கும் டிராயிங்கும். 1917இல் சவுத்தாம்ப்டனில் சூப்பர்மரைன் கம்பெனியில் சேர்ந்தார். 25 வயதில் தலைமைப் பொறியாளர்! (நாம் அந்த வயதில் அரியர் பேப்பர் எழுதிக்கொண்டிருந்தோம்.) அவருடைய கடல் விமானங்கள் 1927, 1929, 1931 என மூன்று முறை ஷ்னைடர் கோப்பையை வென்றன. 1931இல் எஸ்.6பி மணிக்கு 650 கிலோமீட்டரைத் தாண்டி உலக சாதனை செய்தது.

இவ்வளவு பேர் வாங்கியவர் செய்த ஒரு போர் விமானம் படுதோல்வி. டைப் 224 என்று பெயர். உள்ளே இழுக்க முடியாத கனமான சக்கரங்கள். நீராவி முறையில் குளிரவைத்த என்ஜினோ சூடேறிக்கொண்டே இருந்தது. 1934 பிப்ரவரியில் பறந்தது, வேகம் போதவில்லை. விமானப்படை அதை வாங்கவில்லை.

அதற்கு முந்தைய ஆகஸ்டில்தான் மிட்செலுக்கு மலக்குடல் புற்றுநோய்க்குப் பெரிய ஆபரேஷன் நடந்திருந்தது. வயிற்றில் பை மாட்டிக்கொண்டு வாழவேண்டிய நிலை. நோய் திரும்ப வரலாம் என்பதும் அவருக்குத் தெரியும். ஆள் வேலையை விடவில்லை. 1934 ஜூலையில் விமானம் ஓட்டக் கற்று லைசென்ஸும் வாங்கினார். 224ஐ ஒட்டுப்போட்டுச் சரிசெய்து பார்த்தார். பிறகு அதை மூட்டை கட்டி வைத்துவிட்டுப் புதிதாகவே வரைந்தார்.

1936 மார்ச் 5, ஈஸ்ட்லீ விமானதளத்தில் முதல் ஸ்பிட்ஃபயர் பறந்தது. ஜூனில் அரசு 310 விமானங்களுக்கு ஆர்டர் கொடுத்தது. 1937 தொடக்கத்தில் நோய் திரும்பியது. சிகிச்சைக்கு வியன்னா போனார், பலனில்லை. ஜூன் 11இல் வீட்டிலேயே காலமானார். வயது 42. அவர் பார்த்ததெல்லாம் சோதனைக்காகச் செய்த அந்த ஒரே ஒரு ஸ்பிட்ஃபயர்தான். மிச்சத்தை அவர் குழுவிலிருந்த ஜோசப் ஸ்மித் எடுத்து நடத்தினார். இருபதாயிரத்துக்கு மேல் தயாராயின. 234ஆம் ஸ்குவாட்ரனும் 1940இல் ஸ்பிட்ஃபயரில்தான் பறந்தது. அதன் பெயரிலேயே ‘மெட்ராஸ் பிரசிடென்சி’ இருந்தது நம்மூரில் எத்தனை பேருக்குத் தெரியும்?

விமானப்படைக்கு முதல் ஸ்பிட்ஃபயர் வந்து இறங்கியது 1938 ஆகஸ்டில். இறங்கிய இடம் டக்ஸ்ஃபோர்டு, நான் டீ கிளாஸோடு நின்ற அதே மைதானம். இதைப் படித்ததும் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றுவிட்டேன். கூட்டம் கலைந்தபின் மெக்கானிக்குகள் அந்த விமானத்தைத் தள்ளிக்கொண்டு போய், வழிந்த ஆயிலைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார்கள்.

ஊர் திரும்பியதும் என் பழைய பம்ப் டிராயிங்கை ஓரமாக வைத்துவிட்டு, முதல் கோட்டிலிருந்து ஆரம்பித்தேன். தேற இன்னும் எட்டு மாதம் ஆயிற்று.