தாமஸ் வில்லிஸ்: தூங்கவிடாத கால்களைக் கண்டுகொண்ட டாக்டர்!

படுத்ததும் காலுக்குள்ள ஏதோ ஊர்ற மாதிரி இருக்கா? ஆட்டினாத்தான் நிம்மதியா? உங்கள் அவஸ்தையை 350 வருஷத்துக்கு முன்பே எழுதி வைத்தவர் தாமஸ் வில்லிஸ்.

1621-ல் இங்கிலாந்தில் பிறந்தவர். ஆக்ஸ்ஃபோர்டில் பேராசிரியர். மூளைக்கு அடியில் வளையமாக இருக்கும் ரத்தக்குழாய்களுக்கு இன்றும் இவர் பெயர்தான். 1672-ல் வெளியான லத்தீன் நூலில், கை கால் துடிப்பால் தூங்க முடியாமல் தவித்தவர்களைப் பற்றி எழுதினார். அவர் கையில் இருந்தது அபினி மருந்து. 1675-ல் லண்டனில் மறைந்தார். இந்தத் தொல்லையை ஸ்வீடன் டாக்டர் எக்பாம் விரிவாக ஆராய்ந்தது 1940-களில்தான்.

இன்று முதலில் ரத்தத்தில் ஃபெரிட்டின் அளவைப் பார்ப்பாங்க. குறைவென்றால் இரும்புச்சத்து, தேவைப்பட்டால் காபாபென்டின், பிரிகாபலின். பிரமிபெக்ஸால் போன்றவை ஆரம்பத்தில் நன்றாகக் கேட்கும். நாளாக ஆக தொல்லையை அதிகமாக்கலாம். சிலருக்கு சூதாட்டம், ஷாப்பிங் மோகத்தையும் கிளப்பிவிடும். அபினி வகை மருந்து, எதற்கும் அடங்காதவர்களுக்கு மட்டும்.

அதனால மாத்திரை ஆரம்பிச்ச பிறகு ரம்மி ஆப்பில் பணம் போச்சுன்னா, வெட்கப்படாம டாக்டர்கிட்ட சொல்லுங்க. மாத்திரையை நீங்களே நிறுத்திடாதீங்க. குடி, தூக்க மாத்திரை, அலர்ஜி மாத்திரை எதையும் மறைக்காதீங்க. நோயாளிகள் வாய்திறந்து சொன்னதால்தான் வில்லிஸாலேயே எழுத முடிஞ்சது!