கைவிளக்கு அம்மையாரின் மீதி 53 ஆண்டுகள்



பிளாரன்ஸ் நைட்டிங்கேல் என்றதும் உங்களுக்கு எது நினைவுக்கு வரும்? பள்ளிப் பாடப் புத்தகத்தில் பார்த்த படம்தானே! இரவு நேரம், வரிசையாகக் கட்டில்கள், கையில் விளக்குடன் ஒரு பெண்மணி. அந்தப் போர்க்கால மருத்துவமனைப் பணி முழுதாக இரண்டு ஆண்டுகள்கூட இல்லை. அவர் வாழ்ந்ததோ 90 ஆண்டுகள். அதில் பெரும்பகுதியை அவர் எப்படிக் கழித்தார் என்பது பாடப் புத்தகத்தில் இல்லை. இந்த இதழில் அதைத்தான் உங்களுடன் பகிர்ந்துகொள்ள நினைக்கிறேன்.

அவர் 1820 மே 12 அன்று இத்தாலியின் பிளாரன்ஸ் நகரில் பிறந்தார். பிறந்த ஊரின் பெயரையே பெற்றோர் வைத்துவிட்டார்கள். வசதியான ஆங்கிலக் குடும்பம். நர்ஸ் வேலை அப்போது மதிப்பான வேலை இல்லை என்பதால் வீட்டில் கடும் எதிர்ப்பு. அதையும் மீறி ஜெர்மனியில் பயிற்சி பெற்றார். கிரிமியப் போர் மூண்டபோது 38 பெண்களுடன் புறப்பட்டு, 1854 நவம்பரில் துருக்கியின் ஸ்கூட்டாரி மருத்துவமனைக்குப் போய்ச் சேர்ந்தார்.

1855 மே மாதம் கிரிமியாவுக்குப் போன இடத்தில் அவருக்கே கடுமையான காய்ச்சல் வந்தது. பிழைப்பாரா என்ற நிலை. பிழைத்தார், போர் முடியும் வரை வேலையும் பார்த்தார். 1856 ஆகஸ்டில் வரவேற்பு ஆரவாரம் எதுவும் வேண்டாம் என்று வேறு பெயரில் சத்தமில்லாமல் ஊர் திரும்பினார். சரியாக ஓராண்டு கழித்து, 1857 ஆகஸ்டில் அடியோடு சாய்ந்தார். அப்போது வயது 37.

படபடப்பு, மூச்சுத் திணறல், உணவைக் கண்டாலே குமட்டல், தூக்கமின்மை. எல்லாவற்றுக்கும் மேலாக, எழுந்து நிற்கவே முடியாத அசதி. 1861 கடைசியில் முதுகுத் தண்டில் பொறுக்க முடியாத வலியும் சேர்ந்துகொண்டது. சில ஆண்டுகள் நடக்க முடியாமல் பிறர் தூக்கிச் செல்ல வேண்டியிருந்தது. மருத்துவர்களால் இன்ன நோய் என்று சொல்ல முடியவில்லை. நரம்புத் தளர்ச்சி என்றார்கள் சிலர். வேண்டாத விருந்தாளிகளைத் தவிர்க்கப் போடும் நாடகம் என்று பின்னாளில் எழுதியவர்களும் உண்டு.

1995-ல் ஒரு பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வந்த கட்டுரை, அது நாட்பட்ட புரூசெல்லோசிஸ் நோயாக இருக்கலாம் என்று விளக்கியது. காய்ச்சாத பால் வழியாகப் பரவக்கூடிய நோய் அது. காய்ச்சல் விட்டாலும் அசதியும் முதுகு வலியும் ஆண்டுக்கணக்கில் வந்து வந்து போகும். அந்தக் கிருமியை டேவிட் புரூஸ் கண்டுபிடித்ததே 1887-ல்தான். நைட்டிங்கேலுக்கு அந்தப் பரிசோதனை நடக்கவில்லை. ஆகவே அது ஊகம்தான். ஆனால் அறிகுறிகள் பெரும்பாலும் பொருந்துகின்றன. பெயர் தெரியாத நோய் என்பதால் அது பொய் நோய் ஆகிவிடாது, இல்லையா?

இனி அவர் அந்த அறைக்குள்ளிருந்து செய்தவற்றைப் பாருங்கள். வணிகவியல் படித்து வங்கியில் கணக்கு எழுதியவன் நான். எனக்குப் பிடித்தது அவருடைய எண்கள். போரில் காயத்தால் இறந்த வீரர்களைவிட, தடுக்கக்கூடிய நோய்களால் இறந்தவர்களே பல மடங்கு அதிகம் என்பதைச் சக்கரம் போன்ற ஒரு வரைபடத்தில் மாதவாரியாகக் காட்டினார். 1858-ல் லண்டன் புள்ளியியல் சங்கத்தின் முதல் பெண் உறுப்பினரானார். மக்கள் திரட்டித் தந்த சுமார் 45,000 பவுண்டு நிதியில் 1860-ல் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் நர்ஸ் பயிற்சிப் பள்ளி தொடங்கியது. அந்தப் பள்ளிக்கு அவரால் நேரில் போக முடிந்தது 1882-ல்தான்!

நம் நாட்டுக்கும் அவர் வந்ததில்லை. ஆனால் இங்கிருந்த ராணுவ முகாம்களுக்கெல்லாம் கேள்வித் தாள் அனுப்பி, வந்த பதில்களைப் படுக்கையில் வைத்தே தொகுத்தார். இந்தியாவில் பிரிட்டிஷ் வீரர்கள் ஆண்டுக்கு ஆயிரத்துக்கு 69 பேர் இறக்கிறார்கள் என்று 1863-ல் வந்த அறிக்கை சொன்னது. மறு ஆண்டே வங்காளம், பம்பாய், சென்னை மாகாணங்களில் சுகாதாரக் குழுக்கள் அமைந்தன. பத்தாண்டுகளில் அந்த 69, 18 ஆகக் குறைந்ததாக அவரே பிறகு எழுதினார். சென்னை மாகாணப் பஞ்சத்தின்போது நீர்ப்பாசனம் வேண்டும் என்று வாதாடியதும் அதே அறையிலிருந்துதான்.

இதெல்லாம் எப்படி முடிந்தது? மன உறுதி என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டுப் போக எனக்கு மனமில்லை. அவருக்குப் பணக் கவலை இல்லை. சமைக்கவும் துவைக்கவும் ஆட்கள் இருந்தார்கள். அதோடு தன் தெம்பை மிகக் கணக்காகச் செலவழித்தார். முன்கூட்டியே நேரம் குறித்தவர்களைத்தான் பார்ப்பார், அதுவும் ஒரு நேரத்தில் ஒருவரை மட்டும். கூடவே வேலை பார்த்த டாக்டர் சதர்லாந்து கீழ்த்தளத்தில் இருக்க, மாடிக்கும் கீழுக்கும் துண்டுச் சீட்டு போய்வரும் நாட்களும் உண்டு. பேசினால் ஆகும் செலவு எழுதினால் ஆகாது என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

ஒரு குறையையும் சொல்லிவிடுகிறேன். அவருக்கு உறுதுணையாக இருந்த அமைச்சர் சிட்னி ஹெர்பர்ட் சிறுநீரக நோயால் வாடியபோது, வேலையை விடக்கூடாது என்று அம்மையார் அவரை விரட்டிக்கொண்டே இருந்தார். ஹெர்பர்ட் 1861-ல் இறந்துபோனார். தன் அசதியை அறிந்தவருக்கே அடுத்தவர் அசதி கண்ணில் படவில்லை. அப்படியிருக்க நாம் எம்மாத்திரம்?

1859-ல் அவர் எழுதிய நர்ஸிங் குறிப்புகள் நூலில் நமக்கு மிகவும் தேவையான ஒரு விஷயம் இருக்கிறது. நோயாளி உங்களிடம் ஒரு மணி நேரம் கலகலப்பாகப் பேசியதை வைத்து அவர் தேறிவிட்டார் என்று முடிவுகட்டாதீர்கள். நீங்கள் போன பிறகு அவர் இரவு எப்படிக் கழிந்தது என்று விசாரியுங்கள் என்பது அதன் சாரம். இருப்புக்கு மேல் எடுத்த பணத்துக்கு வட்டி பிறகுதானே ஏறும்! இன்றைய மருத்துவர்களும் நாட்பட்ட அசதி நோயில், உழைப்புக்கு மறுநாளோ அதற்கடுத்த நாளோ உடம்பு சாய்வதை முக்கிய அறிகுறியாகச் சொல்கிறார்கள். அம்மையார் பிறந்த மே 12 உலகச் செவிலியர் தினம் மட்டுமல்ல, அந்த நோய்க்கான விழிப்புணர்வு தினமும்கூட.

நம் குடியிருப்பிலும் தைராய்டு, முடக்கு வாதம், டயாலிசிஸ், கொரோனாவுக்குப் பின் விடாத அசதி என்று பலவற்றோடு வாழ்பவர்கள் இருப்பார்கள். பொங்கல் விழாவில் சிரித்த முகமாய் நின்றவர், மறுநாள் பொதுக்குழுவுக்கு வரவில்லை என்றால், நேற்று நன்றாகத்தானே இருந்தார் என்று லிஃப்டில் பேசிக்கொள்ளாதீர்கள். அந்த நேற்றுக்குத்தான் அவர் இன்று படுத்திருக்கலாம். பார்க்கப் போவதானால் முதலில் ஒரு வாட்ஸ்அப் செய்தி அனுப்பிக் கேளுங்கள். போனால் பத்து நிமிடத்தில் எழுந்துவிடுங்கள். நாலு நாள் நடந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்ற அறிவுரை மட்டும் வேண்டாம். இப்படி வாய் நிறையச் சொல்லும் ஆறுதல்கள் நோயாளியை எவ்வளவு வாட்டும் என்று நைட்டிங்கேல் அந்த நூலில் ஓர் அத்தியாயமே எழுதியிருக்கிறார்.

அசதியோடு வாழ்பவர் நீங்களே என்றால், இன்று முடியாது என்று சொல்லக் கூச்சப்படாதீர்கள். இந்தியாவின் வைஸ்ராயாகப் பொறுப்பேற்கப் புறப்பட்ட ஜான் லாரன்ஸே அவரைத் தேடி அவர் வீட்டுக்குத்தான் போய்ப் பார்த்தார்.

1880-களில் உடம்பு ஓரளவு தேறியது. 1907-ல் ஆர்டர் ஆஃப் மெரிட் விருது பெற்ற முதல் பெண்மணி ஆனார். 1910 ஆகஸ்ட் 13 அன்று லண்டன் சவுத் ஸ்ட்ரீட் வீட்டில், தன் அறையில் தூக்கத்திலேயே காலமானார்.