டாக் ஹாமர்ஷெல்டு: கவியுள்ளம் கொண்ட அமைதித் தூதர்

உலக அரங்கில் உயர்பதவி வகித்தோர் பலர். அப்பதவியின் நெருக்கடிகளுக்கு நடுவிலும் கவியுள்ளத்தைக் காத்துக்கொண்டோர் மிகச் சிலர். அச்சிலருள் ஒருவர் ஐக்கிய நாடுகள் அவையின் இரண்டாம் பொதுச்செயலாளர் டாக் ஹாமர்ஷெல்டு.

1905 ஜூலை 29 அன்று சுவீடனில் பிறந்த அவர், பல்கலைக்கழக நகரான உப்சாலாவில் வளர்ந்தார். தந்தை ஹியால்மர், முதல் உலகப் போர்க்காலத்தில் அந்நாட்டின் தலைமை அமைச்சராக விளங்கியவர். பொருளியல் கற்று அரசுப் பணியில் உயர்ந்த மகன், 1953 ஏப்ரலில் ஐ.நா. பொறுப்பை ஏற்றார். தந்தையின் மறைவால் வெற்றிடமான சுவீடிய இலக்கியக் கழக இருக்கை மறு ஆண்டு அவருக்கே வந்து சேர்ந்தது. 1956இல் சூயஸ் நெருக்கடியைத் தணிக்க அமைதிப்படை அமைத்த அதே கரம், 1959இல் ஐக்கூக் கவிதைகள் வரைந்தது; பிரெஞ்சுக் கவிஞர் சான் ஜான் பெர்சின் நெடுங்கவிதையொன்றையும் சுவீடிய மொழியில் பெயர்த்தது.

1960இல் காங்கோ விடுதலை பெற்றது. கனிவளம் மிக்க கட்டாங்கா மாநிலம், பெல்ஜியச் சுரங்க நலன்களின் துணையுடன் பிரிந்து நின்றது. 1961 செப்டம்பரில் ஐ.நா. படைக்கும் கட்டாங்காப் படைக்கும் போர் மூண்டது. போர்நிறுத்தம் குறித்துக் கட்டாங்காத் தலைவர் ஷோம்பேயுடன் பேச, 17ஆம் நாள் ஹாமர்ஷெல்டு புறப்பட்டார். நள்ளிரவு கடந்தபின், பின்னாளில் சாம்பியா எனப் பெயர்பெற்ற வட ரொடீசியாவின் நுடோலா நகரருகே விமானம் காட்டில் வீழ்ந்தது. பயணம் செய்த 16 பேரில் ஒருவர் மட்டும் சில நாள் உயிர் தாங்கிப் பின் மறைந்தார். சிதைவுகளை அதிகாரிகள் கண்டறியவே 15 மணி நேரம் கழிந்தது.

ரொடீசிய விசாரணை விமானியின் பிழை என்றது. ஐ.நா. குழுவோ 1962இல் எக்காரணத்தையும் உறுதிசெய்யவில்லை. வானில் மற்றொரு விமானத்தைக் கண்டதாகக் கூறிய கரி சுடும் எளியோரின் சாட்சியம் நெடுங்காலம் மதிக்கப்படவில்லை. தான்சானியாவின் முன்னாள் தலைமை நீதிபதி ஓத்மான், 2017இல் அளித்த அறிக்கையில் வெளித்தாக்குதல் நிகழ்ந்திருக்கக்கூடும் என்றார். சில நாடுகள் தம்மிடமுள்ள தகவல்களை வெளியிடவில்லை என்பதை அவரது 2024 அறிக்கையும் சுட்டியது.

மறைந்த ஆண்டிலேயே அமைதிக்கான நோபல் பரிசு அவருக்கு அளிக்கப்பட்டது. நியூயார்க் இல்லத்தில் அவர் விட்டுச்சென்ற குறிப்பேடு, 'வழிக்குறிகள்' எனப் பொருள்படும் தலைப்பில் 1963இல் நூலாயிற்று. பதவியின் வெற்றிகளைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. தம்மோடும் இறைவனோடும் அவர் நடத்திய வழக்காடலே அதில் உண்டு. தம் உள்ளத்தின் ஏட்டை உலகோர் முன் திறந்துவைக்க அவர் அஞ்சவில்லை. அவரது மரணத்தின் ஏட்டைத் திறக்கத்தான் அரசுகள் தயங்குகின்றன.