பணிமனை கண்ட பெண்மணி

1919ஆம் ஆண்டு சென்னையில் பிறந்த லலிதா, 18 வயதிலேயே கைக்குழந்தையுடன் கணவரை இழந்தார். அக்காலத்தில் இளம் விதவைக்கு வீட்டு மூலையே கதி. ஆனால் கிண்டிப் பொறியியற் கல்லூரிப் பேராசிரியரான தந்தையார் சுப்பாராவ், மகளை அங்கேயே மின்பொறியியல் பயிலச் சேர்த்தார். ஏட்டறிவு மட்டும் போதாதே! செய்முறைப் பயிற்சிக்காக, நீராவி எஞ்சின்களைப் பழுதுபார்த்த பீகாரின் ஜமால்பூர் ரயில்வே பணிமனையில் ஓராண்டு உழைத்தார். 1943இல் படிப்பு முடிந்தது. ஆண்பாலில் அச்சிட்டிருந்த சான்றிதழை அவருக்காகப் பெண்பாலாகத் திருத்த நேர்ந்தது! பின்னாளில் பக்ரா நங்கல் அணையின் மின்னாக்கிகளுக்கான பணியிலும் பங்குகொண்டார். 1964இல் நியூயார்க்கில் கூடிய பெண் பொறியாளர், விஞ்ஞானிகளின் முதல் உலக மாநாட்டிற்கும் சென்றுவந்தார். 1979இல் மறைந்தார். பணிமனையின் சம்மட்டி ஓசைக்கு அவர் அஞ்சவில்லை; கணக்குத் தாளுக்கு நாம் அஞ்சலாமோ?